கதாநாயகன் 1962-ல் இறந்துவிடுகிறார், கதை 2006-ல் முடிகிறது

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தான். உள்ளே பிஸ்கட் இல்லை, அட்டைகள். சீனுக்கு ஓர் அட்டையாக எழுதி வைத்திருந்தான், எண்ணிப் பார்த்தால் நாற்பத்திமூன்று. ஹாலில் கிடந்த பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தரை முழுக்கப் பரப்பினான். "மாமா, எது முன்னால வரணும், எது பின்னால வரணும்னு நீங்களே சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது" என்றான். கூடவே வந்திருந்த அக்கா பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்ததில் "1939, ஸ்டூடியோ" என்ற அட்டையில் எண்ணெய் பட்டுவிட்டது. பையன் முகம் சுருங்கியது. பரவாயில்லை, கடைசியில் அந்தக் கறைதான் எங்களுக்கு உதவியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அவன் எடுக்கப்போகிற படம் சாலமன் லிண்டா என்ற தென்னாப்பிரிக்கப் பாடகரைப் பற்றி. பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் பாட்டு தெரிந்திருக்கும், காட்டில் சிங்கம் தூங்குகிறது என்று ஆங்கிலத்தில் குழந்தைகள்கூடப் பாடுகிற அந்த மெட்டு அவருடையதுதான். நம்ம நட்டால் ஆள். 1909-ல் எம்சிங்கா பக்கம் பிறந்து, மாடு மேய்த்து, 1931-ல் ஜோகன்னஸ்பர்க் போய், பகலில் கூலி வேலையும் வாரக் கடைசியில் பாட்டுமாக இருந்தவர். 1939-ல் காலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகத் தன் குழுவோடு 'இம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். சுலு மொழியில் இம்பூபே என்றால் சிங்கம். உரிமையை 10 ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்தார். 1962-ல் சிறுநீரகம் கெட்டு ஏழையாகவே செத்தார். பாட்டு உலகம் சுற்றிக் கோடிகள் சம்பாதித்தது, அவர் மகள்களுக்கு நியாயம் என்று ஏதோ கிடைத்தது 2006-ல்.

இந்த 10 ஷில்லிங்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் மெட்ராஸிலிருந்து கரும்புக் காட்டுக்கு வந்த நம் ஆட்களுக்கு முதல் வருஷம் மாதக் கூலி அதே 10 ஷில்லிங்தான். எண்பது வருஷம் கழித்தும் ஒரு பாட்டுக்கு அதே விலை.

சரி, கதைக்கட்டுக்கு வருவோம். நான் சினிமாக்காரன் இல்லை. தாத்தா கோயில் கூத்தில் (இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள், ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்) மத்தளம் வாசித்தவர், நான் ராத்திரி முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிந்தவன், என் தகுதி அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போவான் என்று கூட்டத்தில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும், கட்டியக்காரன் வேறு முதலிலேயே வந்து சொல்லிவிடுவான், அப்படியும் ஒருத்தர் எழுந்து போக மாட்டார். வாழ்க்கை வரலாற்றுப் படமும் அப்படித்தான், முடிவை மறைத்து வைத்து ஆளைக் கட்டிப்போட முடியாது. ஆகவே எந்தச் செய்தியை எப்போது உடைப்பது என்று பையன் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்ததை முதல் வேலையாக ஓரம் கட்டினோம்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம். லிண்டா 1962-ல் போய்விடுகிறார். கதை அதற்குப் பிறகு நாற்பத்திநாலு வருஷம் ஓடுகிறது. அந்த நாற்பத்திநாலு வருஷம் படம் யார் கையில் இருக்கும்?

முதல் யோசனை எல்லாருக்கும் வருவதுதான், பிறந்ததிலிருந்து சாவு வரை நேராகப் போவது. இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. சில வாழ்க்கைகள் தானாகவே கதையாக அமைந்துவிடுகின்றன, அதை வெட்டி ஒட்டிக் கெடுப்பதுதான் பாவம். எம்.கே. தியாகராஜ பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள், லிண்டாவைவிட ஒரு வயது சின்னவர், 1910-ல் பிறந்தவர். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது, ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே வருஷக் கடைசியில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதாகிவிட்டார். வெளியே வந்தது 1947-ல். குரல் இருந்தது, காலம் மாறிவிட்டது, அதற்கப்புறம் எடுத்த படங்கள் எழும்பவில்லை, 1959-ல் போனார். இதற்குத் திரைக்கதை எழுத என்ன இருக்கிறது, தேதி வாரியாக அடுக்கினாலே இன்டர்வல் அதுவாக வந்து உட்காரும்.

இங்கத்திய பாடகி மிரியம் மக்கேபாவும் அப்படித்தான். 1959-ல் நாட்டைவிட்டுப் போகிறார், 1960-ல் அம்மா சாவுக்குத் திரும்ப நினைத்தால் பாஸ்போர்ட் செல்லாது என்கிறார்கள், முப்பது வருஷம் வெளியிலேயே கிடந்து 1990-ல் திரும்புகிறார், 2008-ல் இத்தாலியில் மேடையில் பாடி முடித்த கையோடு சாகிறார். நேர்கோடே போதும். (நடுவில் 1959-ல் சன்னி பிள்ளை என்ற நம்ம ஊர்ப் பாடகரைக் கல்யாணம் செய்து சில மாதத்திலேயே பிரிந்தார். மக்கேபாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் பேசுவார்கள்.)

லிண்டாவுக்கு இது ஒத்துவராது. அவர் வாழ்க்கையில் வீழ்ச்சி என்று ஒரு நாள் இல்லை. 1939-க்குப் பிறகும் கம்பெனியில் இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்குகிறார், சனிக்கிழமை பாடுகிறார், திங்கட்கிழமை மறுபடி அடுக்குகிறார். தன் குரல் உள்ள தட்டையே அடுக்கியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது, ஆனால் அதை இருபது வருஷத்துக்குக் காட்ட முடியாது. நேர்கோட்டில் போனால் சாவோடு படம் முடிய வேண்டும், அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "2006-ல் வழக்கு சமரசமாகியது" என்று போட வேண்டும். கதையில் பாதி எழுத்து அட்டையில் போய்விடும். இன்னொரு சிக்கல், நேர்கோட்டுக் கதை வில்லனைக் கேட்கும். இதில் யார் வில்லன்? பாட்டை அமெரிக்காவில் பரப்பிய பீட் சீகர்கூட லிண்டாவுக்கு 1,000 டாலர் போய்ச் சேர ஏற்பாடு செய்தவர்தான். இங்கே வில்லன் ஒரு காகிதம், அதற்கு மேக்கப் போட முடியாது.

இரண்டாவது, ஒரே நாளைப் பிடித்துக்கொள்வது. ஒரு பெரிய மேடையில் தொடங்கி, பின்னோக்கிப் போய், அதே மேடையில் கொண்டுவந்து முடிப்பது. பையனுக்கு இதில்தான் ஆசை, காரணம் குவீன் என்ற ராக் குழுவைப் பற்றிய பொஹீமியன் ராப்சோடி படம். 1985 லைவ் எய்ட் கச்சேரிக்கு நடந்து போகிற முதுகோடு தொடங்கி அந்தக் கச்சேரியோடு முடிக்கிறார்கள், தியேட்டரே எழுந்து பாடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நாளைத் தூக்கி நிறுத்த எதையெல்லாம் நகர்த்தினார்கள் என்று பாருங்கள். அந்தக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி தன் நோயைக் குழுவிடம் கச்சேரிக்கு முன்பே சொல்வதாகக் காட்டுகிறார்கள், உண்மையில் அது தெரியவந்தது அதற்குப் பின்னால், 1987 வாக்கில் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. குழு பிரிந்து கிடந்து அன்றுதான் ஒன்று சேர்ந்ததுபோல் ஒரு தோற்றம் வேறு, அந்த வருஷமே அவர்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரே நாளைக் கதையின் உச்சியாக்கினால் மற்ற நாளெல்லாம் அதற்கு வேலைக்காரன் ஆகிவிடுகிறது.

லிண்டாவுக்கு அப்படி ஒரு நாள் உண்டு, பதிவு நடந்த நாள். அதில் நிஜமாகவே ஒரு நாடகம் இருக்கிறது. முதல் டேக் சரியாக வரவில்லை. இரண்டாவதும் சரியில்லை. தயாரிப்பாளர் கிரிஃபித் மோட்சியலோவா கவலைப்பட்டு பியானோ, கிதார், பாஞ்சோ வாசிக்கிற ஆட்களை அவசரமாகத் திரட்டி நிறுத்துகிறார். மூன்றாவது டேக்கிலும் தொடக்கத்தில் சுருதி பிடிபடாமல் தடுமாறுகிறார்கள், பிறகு கீழே அடித்தொண்டைக் குரல்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு நிற்க, மேலே லிண்டா தன் உச்சக் குரலில் அலைந்துகொண்டே இருக்கிறார், தட்டு முடியப்போகிற நேரத்தில், கடைசிச் சில நொடிகளில், முன்பின் யோசிக்காமல் ஒரு சின்ன மெட்டை இழுத்துவிடுகிறார். உலகம் முழுக்கப் பாடுகிற மெட்டு அந்தச் சில நொடிதான். அதற்கு முன்னால் இருக்கிறதெல்லாம் வெறும் பாதை.

நல்ல சீன், மறுக்கவில்லை. ஆனால் இதைத் தொடக்கமும் முடிவுமாக வைத்தால் படம் 1939-ல் சந்தோஷமாக முடிந்துவிடும். ஏமாந்தவன் ஏமாந்ததே தெரியாமல் பாடி முடிக்க, ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாற்பத்திநாலு வருஷமும் அந்தரத்தில் நிற்கும்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் எனக்கும் பையனுக்கும் வாக்குவாதமே வந்தது. இன்னொருத்தர் கண் வழியாகச் சொல்வது. லிண்டா கதையில் இதற்கு ஆள் ரெடியாக இருக்கிறார். ரியான் மலான் என்கிற பத்திரிகையாளர் 2000-ல் ரோலிங் ஸ்டோன் இதழில் நீளமாக எழுதியதற்கப்புறம்தான் விஷயம் வெளியில் பேசப்பட்டது, 'லயன் கிங்' என்ற ஒரே ஒரு சிங்கப் படத்தில் பயன்பட்டதற்கு மட்டும் இந்தப் பாட்டு ஒன்றரைக் கோடி டாலர் சம்பாதித்திருக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். பிறகு ஓவன் டீன் என்ற காப்புரிமை வக்கீல் 1911-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு விதியைத் தோண்டி எடுத்தார், உரிமையை விற்றவர் செத்து 25 வருஷம் ஆனால் அது வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்று. 1962-ஓடு 25-ஐக் கூட்டினால் 1987. அந்தக் கணக்கை வைத்துத்தான் 2004-ல் வழக்குப் போட்டார்கள்.

கேட்கவே விறுவிறுப்பாக இருக்கிறது அல்லவா? அதுதான் ஆபத்து. எழுதத் தொடங்கினால் தானாக ஓடும், துப்பறியும் கதை, கோர்ட், கடைசியில் ஜெயம், எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு மணிநேரம் நாம் யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்? பத்திரிகையாளர் முகம், வக்கீல் முகம். லிண்டா ஃபைலுக்குள் இருக்கிற ஒரு பழைய போட்டோவாகிவிடுவார், அவ்வப்போது பிளாஷ்பேக்கில் வந்து பாடிவிட்டுப் போவார். உயிரோடு இருந்தபோது பாட்டைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்ற மனுஷனை, அவர் படத்திலேயும் ஓரமாக நிற்க வைப்பதா? அந்த இரண்டு பேர் மேல் எனக்குக் குறையில்லை, அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பியிருக்காது. படத்தின் நடுவில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அமதேயுஸ் எப்படி ஜெயித்தது என்று பையன் மடக்கினான். நியாயமான கேள்வி. 1984-ல் வந்த அந்தப் படத்தில் மொசார்ட்டின் கதையைச் சொல்வது சாலியேரி என்ற இன்னொரு இசைக்காரன், பொறாமையில் வெந்தவன். வரலாறு வேறு, உண்மையான சாலியேரி மொசார்ட்டின் கடைசிப் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் படத்துக்குள் அந்தப் பொறாமைக்காரன் பேசுகிறபோதெல்லாம் மொசார்ட்தான் பெரிதாகிறான், ஏனென்றால் அவன் பாட்டைக் கேட்கத் தெரிந்தவன், ஒவ்வொரு சுரமாக எடுத்துச் சொல்கிறவன். சொல்கிறவனுக்கு ஒரு காயம் வேண்டும், அந்தக் காயம் கதாநாயகன் போட்டதாக இருக்க வேண்டும். வக்கீலுக்கு லிண்டாவால் என்ன காயம்? பொறாமைப்பட ஓர் ஆள் வேண்டுமானால் லிண்டாவின் குழுவிலேயே கீழ்க்குரல் பாடிய ஒருத்தரைக் கற்பனை செய்து சொல்ல வைக்கலாம், பையன் அதையும் ஓர் அட்டையில் எழுதியிருந்தான், ஆனால் அந்த ஆளும் 2006 வரை உயிரோடு இருக்க வேண்டுமே.

நான்காவதை வேகமாகக் கடந்துவிடலாம். பாட்டையே கதாநாயகனாக்கி அதன் பின்னால் கேமரா போவது. தட்டு அமெரிக்கா போகிறது, சீகர் கையில் சிக்குகிறது, அவர் காதில் பாட்டில் வருகிற 'உயிம்பூபே' என்பது 'விமோவே' என்று விழுகிறது, அவர் குழு அதையே பாடுகிறது, 1961-ல் புது ஆங்கில வரிகளோடு டோக்கன்ஸ் குழு பாடி அந்த வருஷக் கடைசியில் அங்கே முதலிடம் பிடிக்கிறது. 'விமோவே'க்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. கப்பல் பதிவேட்டில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் நமக்குத் தெரியும், அதே மாதிரிதான், காதில் விழுந்ததை எழுதியவன் கையில் பேனா இருந்தது. இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு மணிநேரத்துக்கு மேல் அமெரிக்காவிலேயே சுற்றினால், டர்பனில் எடுக்கிற நமக்குச் செலவு எங்கே கட்டுப்படியாகும்? செலவை விடுங்கள், மனுஷன் இல்லாத கதையில் எத்தனை நேரம்தான் ஒரு மெட்டுக்காகக் கவலைப்படுவது. டாகுமெண்டரிக்குச் சரி.

இந்த இடத்தில் அக்கா ஒரு கேள்வி கேட்டாள், அதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். "சுலுக்காரர் கதையை நீங்க ஏன்டா எடுக்கணும்?" என்றாள். எங்கள் வீட்டில் 1949 என்றால் டர்பனில் சுலுக்காரர்களுக்கும் நம்ம ஆட்களுக்கும் நடந்த ஜனவரிக் கலவரம்தான், கேட்டோ மேனரில் வீடு எரிந்த கதையைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதே 1949-க்குள் இம்பூபே தட்டு ஒரு லட்சம் விற்றிருந்தது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நான் அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை, பையன் சொன்னான், படம் முழுக்க சுலுவில்தான் இருக்கும், எழுத இரண்டு சுலு நண்பர்கள் கூட இருக்கிறார்கள், நான் அட்டை அடுக்குகிறவன் மட்டும்தான் என்று. அக்கா சமாதானமானாளா தெரியவில்லை, பஜ்ஜி எடுத்துவரப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எண்ணெய்க் கறை அட்டை என் கண்ணில் பட்டது. வரிசையில் இருந்த மற்ற அட்டைகள் ஒன்றுபோல் கிடக்க, இது மட்டும் பளபளவென்று எங்கே வைத்தாலும் தனியாகத் தெரிந்தது. முதலில் வைத்துப் பார்த்தோம். நடுவில் வைத்தோம். கடைசியில் வைத்தோம். மூன்று இடத்திலும் பொருந்தியது. மூன்று இடத்திலும் வைத்தால் என்ன?

ஐந்தாவது வழி அப்படித்தான் வந்தது, இதைத்தான் நான் ஆதரிக்கிறேன். படத்தை மூன்று டேக்காகப் பிரிப்பது. முதல் பகுதி ஸ்டூடியோவில் தொடங்குகிறது, முதல் டேக் பாதியில் கெடுகிறது, அங்கிருந்து எம்சிங்கா, மாடு, சிங்கத்தை விரட்டிய சிறுவயது, ஜோகன்னஸ்பர்க் விடுதி, ராத்திரி முழுக்க நடக்கிற பாட்டுப் போட்டிகள், கோட்டு சூட்டும் தொப்பியுமாக அவர் குழு மேடையேறிய மிடுக்கு என்று ஓடி மறுபடி ஸ்டூடியோ வாசலில் நிற்கிறது. இரண்டாவது டேக்கும் கெடுகிறது. இந்த முறை தட்டைப் பின்தொடர்கிறோம், பெட்டியில் அடுக்குகிற அவர் கையும் கடல் தாண்டிப் போகிற தட்டும் மாறி மாறி வருகின்றன, 'விமோவே' இங்கே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், 1962-ல் அவர் சாகிறார். மூன்றாவது பகுதி. மறுபடி ஸ்டூடியோ. இறந்தவர் உயிரோடு மைக் முன்னால் நிற்கிறார், சட்டை கசங்கியிருக்கிறது, மோட்சியலோவா பியானோக்காரரைத் தேடி ஓடுகிறார். இந்த டேக்கைக் கேட்க விடாமல் வெட்டி, சொவெட்டோவில் அவர் பெண்கள், 1987, கட்டுரை, வக்கீல், 2006 என்று போய், கடைசியில் மூன்றாவது டேக்கை முழுக்கக் காட்டுவது. பழைய தட்டு ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் கொள்ளும், ஆகவே ஒரே ஷாட்டில் எடுத்துவிடலாம்.

இதன் பெரிய லாபம், கதாநாயகன் செத்த பிறகும் படம் அவர் கையில்தான் இருக்கிறது. வக்கீலும் பத்திரிகையாளரும் மூன்றாவது டேக்குக்கு நடுவில் வந்து போகிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். இன்னொன்று, இது எனக்குத் தோன்றியபோது பையன் தொடையில் ஓங்கித் தட்டினேன்: அந்தத் தட்டே நல்லதைக் கடைசிக்கு வைத்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு கடைசி நொடிகளில்தான் வருகிறது. படத்திலும் அதுவரை அந்த மெட்டை லிண்டா வாயால் ஒரு முறைகூடக் கேட்க விடக்கூடாது, அமெரிக்காக்காரன் பாடலாம், குழந்தைகள் பாடலாம், கடைக்குள் ரேடியோ பாடலாம், அவர் மட்டும் பாடக் கூடாது. இரண்டு மணிநேரம் காத்திருந்து அவர் வாயைத் திறக்கும்போது அது புதிதாக இருக்கும்.

பாட்டின் அமைப்பையே படத்தின் அமைப்பாக்குவது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. கிளென் கூல்ட் என்ற பியானோக்காரரைப் பற்றி 1993-ல் முப்பத்திரண்டு துண்டுகளாக ஒரு படம் எடுத்தார்கள், அவர் பெயர் வாங்கிய பாக் இசைக்கோவையும் முப்பத்திரண்டு பகுதிதான், முப்பது மாற்றங்கள், முன்னும் பின்னும் அதே மெட்டு. அந்த மனுஷனுக்கு அது பொருந்தியது, துண்டு துண்டாக வாழ்ந்தவர். லிண்டாவுக்கு மூன்றுதான்.

குறை இல்லையா என்றால் உண்டு. ஒரே ஸ்டூடியோவை மூன்று தரம் பார்த்தால் பின்வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரியும். அதற்கு முதல் தடவை தயாரிப்பாளர் பக்கமிருந்து, இரண்டாவது கீழ்க்குரல் ஆட்களின் தோளுக்குப் பின்னாலிருந்து, மூன்றாவது லிண்டாவின் முகத்துக்கு ஓரடி தூரத்திலிருந்து என்று கேமராவை இடம் மாற்றச் சொன்னேன். அப்புறம், இந்தக் கட்டில் அவர் மனைவிக்கு இடம் குறைகிறது, அது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. புருஷன் செத்துப் பதினெட்டு வருஷம் கல்லறைக்கு ஒரு கல் வைக்க முடியாமல் இருந்தவர், அவர் பக்கமிருந்து மட்டுமே ஒரு படம் எடுக்கலாம், ஆனால் அது வேறு படம்.

பணம் போடுகிறவர்கள் நேர்கோட்டைத்தான் கேட்பார்கள், இது திருவிழாவுக்கு அனுப்புகிற படம் மாதிரி இருக்கிறது என்று பையன் இழுத்தான். இருக்கட்டும். நேர்கோட்டுக்கு மூன்று காலகட்டத்து ஜோகன்னஸ்பர்க்கைச் செட் போட வேண்டும், இதில் ஒரே அறையை நன்றாகப் போட்டால் படத்தில் கால்வாசி அங்கேயே எடுத்துவிடலாம். பாட்டு ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் உரிமைக்குப் பேச வேண்டியிருக்கும், எத்தனை தடவை, எத்தனை நொடி என்பது இந்தக் கட்டில் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்தக் கணக்கை அவர்களிடம் முதலில் காட்டு, மூன்று டேக் என்ற பேச்சை அப்புறம் எடு என்றேன்.

"1939, ஸ்டூடியோ" என்று இன்னும் இரண்டு அட்டை எழுதினான். வேண்டுமென்றே அதிலும் பஜ்ஜி எண்ணெயைத் தொட்டு வைத்தான். அமெரிக்க அட்டைகளில் ஒன்பதும், பொறாமைக்காரக் கீழ்க்குரல் ஆளும் டின்னுக்குள் திரும்பிப் போனார்கள். கல்லறைக் கல் அட்டைதான் மாட்டிக்கொண்டது. இரண்டாவது டேக்கின் முடிவில், சாவுக்கு அடுத்து வைத்தால் அழுகைக்காக வைத்ததுபோல் இருக்கிறது. மூன்றாவதில் வைத்தால் 1980-க்கு அங்கே இடமில்லை. அக்கா அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்லு வைக்கறதைக் காட்டாதீங்கடா, கல்லு இல்லாத மண்ணைக் காட்டுங்க" என்றாள். பையன் எதுவும் சொல்லாமல் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.